ஊருக்குச் சொந்தமா இண்டர்நெட்: கம்பத்துல ஏறப்போறது யாரு?

11 மே 2025

தொண்டிப் பக்கம் ஒரு வாசகர் எழுதுனது. வெட்டாம போடுறேன்:

"எங்க ஊரு கடலோரம், நூத்தி எழுபது வீடு. செல் டவர் ஒண்ணு இருக்கு, கரண்டு போனா அதுவும் கூடவே போகுது. ஃபைபர் கம்பெனிக்காரங்க மெயின் ரோட்டோட நின்னுட்டாங்க. உள்ள மூணு கிலோமீட்டர் இழுக்கணும்னா அம்பது வீடு உறுதி குடுங்கன்றாங்க. நம்ம முன்னோரு ஊருணி வெட்டுனப்ப எந்தக் கம்பெனியக் கேட்டாங்க? ஊரே பங்கு போட்டு சொந்தமா இண்டர்நெட் போட்டா என்ன? ஏன் யாரும் இதப் பேசவே மாட்டேங்குறாங்க?"

பேசாம இல்லண்ணே. பேசி, போட்டு, மூடியும் ஆச்சு. எங்க ஊரு மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல. 2021 செப்டம்பர்ல 38 வீடு சேந்து வீட்டுக்கு 3,000 ரூபா பங்கு போட்டு ஆரம்பிச்சோம். மாசச் சந்தா 200. 2023 பிப்ரவரியோட படுத்துருச்சு. காரணம் ஒண்ணே ஒண்ணு: ஊர்ச் சொத்துன்னா யாருக்கும் அக்கறை கிடையாது. ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்குனா ஜூன் 14 வரைக்கும் படகு கரையில, சந்தாவும் கரையில. பாதிப் பேரு தரமாட்டாங்க. தராத வீட்ல இருந்துதான் மொதல் போன் வரும், நெட்டு சுத்துதுன்னு.

அம்பது வீட்டுல கையெழுத்து வாங்கி அந்தக் கம்பெனிகிட்டயே குடுத்துருங்க.

11 மே, ராத்திரி

சாப்பிட்டு வந்து மேல எழுதுனதப் படிச்சா எனக்கே கொஞ்சம் காரமாத்தான் இருக்கு. இருக்கட்டும், அழிக்கல.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன், யாரும் மாட்டிக்கக் கூடாது. வீட்டுக்குன்னு ஒரு லைன் வாங்கி அத அம்பது வீட்டுக்குப் பிரிச்சுக் காசு வாங்குனா சட்டப்படி தப்பு. முறையா செய்ய ரெண்டு வழி. ஒண்ணு, சொந்தமா இண்டர்நெட் சேவை உரிமம். மாவட்ட அளவுக்கு 'சி' வகைன்னு ஒண்ணு இருக்கு, நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாதான். ஆனா அதுக்கப்புறம் வர்ற கணக்கு, பதிவேடு, பாதுகாப்பு விதி எல்லாம் பாக்க ஒரு ஆபீசே வேணும். ரெண்டாவது, 2020 டிசம்பர்ல மத்திய அரசு கொண்டாந்த பிஎம்-வாணிங்கிற பொது வைஃபை திட்டம். பெட்டிக்கடைக்காரர் கூட 'பொது டேட்டா ஆபீஸ்' வைக்கலாம். உரிமம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், பதிவு செஞ்ச ஒரு ஒருங்கிணைப்பாளரோட சேந்துக்கிட்டா போதும். நாங்க போனது இந்த வழி. தெருவுக்குத் தெரு வைஃபை பெட்டி, அதுகள இணைக்க 5 கிகா ஹெர்ட்ஸ் டிஷ். அந்த அலைவரிசைய 2018 அக்டோபர்லயே உரிமம் இல்லாம விட்டுட்டாங்க.

வாணியில ஒரு கூத்து. உள்ள நுழைய மொதல்ல போனுக்கு ஓடிபி வரணும். ஓடிபி வர செல் சிக்னல் வேணும். சிக்னல் இருந்தா நான் ஏன்டா உன் வைஃபைக்கு வரப்போறேன்னு எங்க மாமா கேட்டாரு. பதில் இல்ல. ஆளுகள ரோட்டு முக்குக்கு நடக்க வச்சு, ஓடிபி வாங்கிட்டு, திரும்ப ஓட வச்சோம்.

13 மே

தொண்டிக்காரர் கோவிச்சுக்கிட்டாரு. "ஊருணியப் பத்தி நீங்க பதிலே சொல்லலையே"ன்னு கேக்குறாரு.

சொல்றேன். நம்ம ராம்நாட்டுக்காரனுக்கு எதுக்கெடுத்தாலும் ஊருணி ஞாபகம் வந்துரும், தண்ணிக்கு அலைஞ்ச ஜில்லா. ஆனா ஊருணிக்குத் தண்ணி வானத்துல இருந்து வருது, வானம் மாசாமாசம் பில்லு போடுறதில்ல. இண்டர்நெட்டுக்குக் குழி வெட்டுனா மட்டும் பத்தாது, குழிக்குள்ள ஊத்துற தண்ணியவும் எவங்கிட்டயோ விலைக்கு வாங்கணும். எங்களுக்கு 100 எம்பி லைன், வரியோட மாசம் 3,540. கட்டத் தவறுனா அன்னைக்கே நிறுத்திருவாங்க. ஊருணி அப்படியா?

கண்மாய்னு சொல்லியிருந்தீங்கன்னா ஒத்துக்கிட்டிருப்பேன். கண்மாய்க்கு மடை இருக்கு, மடையத் தொறக்க ஒரு ஆள் இருக்காரு, யாரு வயலுக்கு மொதல்ல, யாருக்கு அப்புறம்னு முறை இருக்கு. அந்த ஆளுக்கு அறுப்புல நெல்லு அளந்து குடுத்தாங்க.

16 மே

"வெளிநாட்டுல எல்லாம் ஊர் மக்களே நடத்துறாங்களே"ன்னு நாலு பேரு. நடத்துறாங்க. நானும் 2021ல ராத்திரி ராத்திரியா இதையேதான் படிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் 2011ல கிராமத்து ஆளுங்க சேந்து ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பேரு பி4ஆர்என். வயக்காட்டுக்காரங்க தங்க நெலத்து வழியா கேபிள் போக வாடகை கேக்கல. ரிட்டையர்டு ஆளுங்க மம்பட்டியோட வந்து குழி வெட்டுனாங்க. 1,000 எம்பி, மாசம் 30 பவுண்டுன்னு குடுத்தாங்க. பத்தாயிரம் வீடு தாண்டி இன்னைக்கும் ஓடுது.

ஸ்பெயின்ல கட்டலோனியா மாகாணத்துல கிஃபி (guifi.net). 2004ல ஒசோனாங்கிற பட்டிக்காட்டு ஏரியாவுல, கம்பெனி வரலைன்னு கூரைக்குக் கூரை டிஷ் மாட்டி ஆரம்பிச்சது. அப்புறம் ஃபைபருக்கும் போயிட்டாங்க. முப்பதாயிரத்துக்கு மேல இணைப்புப் புள்ளி.

அமெரிக்காவுல சட்டனூகா, ஊர் மக்களோட நெட்டு. 2010லயே ஊர் முழுக்க 1,000 எம்பி. அதப் பாத்து பக்கத்து ஊர்க்காரங்க எங்களுக்கும் குடுங்கன்னு கேட்டா, மின்வாரியத்தோட எல்லையத் தாண்டக் கூடாதுன்னு மாநிலச் சட்டம் குறுக்க நின்னுச்சு. 2015ல மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லுச்சு, 2016ல கோர்ட்டு அந்த உத்தரவே செல்லாதுன்னுருச்சு.

தோத்த கதையும் உண்டு. யூட்டா மாகாணத்துல ப்ரோவோ நகராட்சி 39 மில்லியன் டாலர் கடன் வாங்கி ஃபைபர் போட்டுச்சு. நடத்த முடியல. 2013ல கூகுளுக்கு ஒரு டாலருக்கு வித்துட்டாங்க. ஒரு டாலர். கடன மட்டும் ஊர் சனம் அப்புறமும் கட்டிக்கிட்டே இருந்துச்சு.

17 மே

நேத்து சட்டனூகாவ 'ஊர் மக்களோட நெட்டு'ன்னு எழுதிட்டேன். தப்பு. அது நகராட்சியோட மின்வாரியம் போட்டது. மத்திய அரசு 111 மில்லியன் டாலர் மானியம் குடுத்துச்சு, கரண்டு லைன நவீனமாக்க. கம்பம் ஏற்கனவே அவங்களுது, ஏற லைன்மேன் ஏற்கனவே சம்பளத்துல இருக்காரு.

இதே மாதிரி நம்ம பக்கம் சொல்லணும்னா கேரளாவோட கேஃபோன், 2023 ஜூன் 5 தொடங்குனாங்க, கேபிள் போறது அவங்க மின்வாரியக் கம்பத்து மேல. ஆந்திராவுல அரசாங்கமே 149 ரூபாய்க்கு நெட்டு, டிவி, போன்னு சேத்துக் குடுத்தாங்க. தமிழ்நாட்டுல டான்ஃபிநெட், 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர்னு திட்டம். இதெல்லாம் அரசாங்கத்துது. 'ஊருது' வேற.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், இங்க 'ஊர்'னா ஊராட்சி இல்ல. ஊராட்சி ரோடு போடும், லைட்டு போடும். 'ஊர்'னா கமிட்டி. ஊர்த்தலைவர், கணக்கு, ஊர்வரி. எவன் வலைய எவன் அறுத்தான்னு பஞ்சாயத்து பண்றதும் அதுதான், திருவிழா நடத்துறதும் அதுதான். எங்க நெட்டு அதோடதுதான்.

24 மே

சாயல்குடி தம்பி ஒருத்தர், "அண்ணே, எக்விப்மெண்ட் விவரம் சொல்லுங்க, பனைமரத்துலயே டிஷ் கட்டலாமா"ன்னு கேக்குறாரு.

கட்டாதீங்க தம்பி. நாங்க கட்டுனோம். பனை பாக்கத்தான் தூண் மாதிரி, கச்சான் காத்து அடிக்கிறப்ப உச்சி ஆடுறது தெரியும். டிஷ்ஷு நாலு விரக்கடை திரும்புனா போதும், அந்தப் பக்கம் இருக்குறவன் இருட்டுல உக்காந்திருப்பான். பகல்ல நல்லா ஓடும், சாயங்காலம் காத்து ஏறுனா செத்துரும். ஒரு மாசம் எங்களுக்கு இது புரியவே இல்ல, பேய் புடிச்சிருக்குன்னு கூட ஒரு கட்சி இருந்துச்சு.

மெயின் டிஷ்ஷ ஐஸ் கம்பெனி மாடியில வச்சோம். ஊர்லயே உசரம் அதுதான். வச்ச ஆறாவது மாசம் ஒயர் முனையில இருக்குற கிளிப்பக் கழட்டிப் பாத்தா எட்டு செம்புப் பல்லும் பச்சை பூத்துக் கெடக்கு. உப்புக்காத்து. சித்தப்பா ஒருத்தரு படகு எஞ்சினுக்குப் போடுற கிரீஸ அதுல அப்பிட்டாரு. சிரிச்சோம். அப்பி ஒரு வருசம் அந்த ஒரு கிளிப்பு மட்டும் பூக்கல. அப்புறம் எல்லாத்துக்கும் கிரீஸ், மேல தண்ணி பாட்டில பாதியா வெட்டித் தொப்பி.

பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குனது எல்லாம் ஒரே கோடையில தூளு தூளா உதிர்ந்துச்சு. அதுக்கு மாத்தா பழைய வலையோட நைலான் கயித்தால ஒரு பெரியவர் முடிச்சுப் போட்டுக் குடுத்தாரு. வலை பொத்துற கை. இழுத்து ஒரு சுத்து, உள்ள விட்டு ஒரு சுத்து, பல்லால ஒரு கடி, முடிஞ்சுது. அது இன்னைக்கும் அப்படியே இருக்கு, டிஷ்ஷுக்குத்தான் உயிர் இல்ல.

உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு வீடு. தண்ணிக்கு மேலயே டிஷ் அடிச்சோம். ஒரு நேரம் ஜம்முனு வரும், ஒரு நேரம் சுத்தமா வராது, நேரம் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகுது. ஏத்தம் வத்தத்தோட ஒத்துப் போகுதுன்னு கண்டுபுடிச்சது யாரு? நான் இல்ல, நண்டு வலை போடுற ஒரு அக்கா. "தண்ணி ஏறுறப்பதான் உன் நெட்டு போகுது, பாத்துக்கிட்டே இரு"ன்னாங்க. ரேடியோ அலை தண்ணியில பட்டுத் தெறிச்சு வந்து நேரா வர்றத அழிக்குதுன்னு அப்புறம்தான் படிச்சேன். டிஷ்ஷ மூணடி ஒசத்துனோம், சரியாச்சு.

பல்லி ஒண்ணு உள்ள போயி சுவிட்ச் பெட்டிய எரிச்ச கதைய எழுதுனா இன்னொரு பக்கம் ஆகும்.

25 மே

"இவ்வளவு ரசிச்சு எழுதுறீங்க, ஆனா வேண்டாம்னும் சொல்றீங்க"ன்னு ஒரு அக்கா கேட்டுருக்காங்க.

சரிதான்.

2 ஜூன்

நேத்து பரண்ல வேற என்னத்தையோ தேடப் போயி அந்தக் கணக்கு நோட்டு கெடச்சுது. நீல அட்டை, 80 பக்கம், மேல கரையான் தின்ன ஓட்டை. கணக்கு எழுதுனது நான்தான், கையெழுத்தப் பாத்தா தெரியுது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து கூட்டிப் பாத்தேன். 11ஆம் தேதி நான் எழுதுனது பொய். வேணும்னு சொல்லல, ஆனா பொய்.

தடைக்காலத்துல பாதிப் பேரு தரலைன்னு எழுதுனேனா? 2022 மே மாசப் பக்கம் இந்தா இருக்கு: 38ல 31 வீடு கட்டிருக்கு. படகு கரையில கெடந்த மாசம்! மிச்சம் ஏழுல அஞ்சு பேரு ஜூலையில பாக்கிய அடைச்சுட்டாங்க. ஒரு வரியில '200க்குப் பதில் கருவாடு, நெத்திலி'ன்னு எழுதி அடிச்சிருக்கு. ஏன் அடிச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கருவாட்ட நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு, காச நான் போட்டேன்.

கடைசி வரைக்கும் அந்த மாசத்துக்குக் கட்டாதது ரெண்டே பேரு. ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தன் நான். கணக்குப் பிள்ளைக்கு எதுக்குச் சந்தான்னு நெனச்சிருப்பேன் போல.

எப்படி 31 வந்துச்சுன்னும் இப்பத்தான் புரியுது. சந்தாவத் தனியாக் கேக்கல, ஊர்வரியோட சேத்துக் கேட்டோம். ஊர்வரி பாக்கி வச்சா திருவிழாவுல மரியாதை கெடையாது. கம்பெனிக்காரன் லைனக் கட் பண்ணுவான், அவ்வளவுதான். ஊருக்கு அதவிட நீளமான கையி இருக்கு.

சரி, அப்ப ஏன் படுத்துச்சு? இதையும் நோட்டுலயே தேடுனேன். 18 மாசச் செலவு: லைனுக்கு மாசம் 3,540, ஐஸ் கம்பெனிக்குக் கரண்டுக் காசு மாசம் 600, ரிப்பேர் சாமான் மொத்தம் 38,150. அதுக்கு அப்புறம் ஒரு தலைப்பு: 'பையன் செலவு'. புரோட்டா 120. டீ 40. பெட்ரோல் 100. கையில ஆணி குத்துனதுக்கு ஊசி 70. பதினெட்டு மாசத்துக்கும் சேத்து 2,310 ரூபா.

பையன்னு எழுதிருக்குறது எங்க பெரியம்மா மகன். அப்ப அவனுக்கு இருபத்திரெண்டு வயசு. டிஷ்ஷு திருப்புனது, கிளிப்பு அடிச்சது, ராத்திரி பத்து மணிக்கு நெட்டு போச்சுன்னா ஐஸ் கம்பெனி ஏணியில டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு ஏறுனது எல்லாம் அவன்தான். 2023 ஜனவரிக் கடைசியில கத்தாருக்குப் போயிட்டான். பிப்ரவரியில நெட்டு படுத்துச்சு. மூடுற அன்னைக்குக் கையிருப்பு எவ்வளவு தெரியுமா? 21,420 ரூபா. காசு இல்லாமப் படுக்கல. பெட்டியில காச வச்சுக்கிட்டே படுத்திருக்கோம்.

அந்தக் காசு திருவிழா ஜெனரேட்டருக்குப் போச்சு.

2 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

கண்மாய் மடைக்காரருக்கு நெல்லு அளந்தாங்கன்னு 13ஆம் தேதி நானேதான் எழுதிருக்கேன். எழுதுறப்ப உறைக்கல.

8 ஜூன்

கீழக்கரை காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தரு நீளமா எழுதிருக்காரு. சுருக்கமா: "ஊர் கமிட்டியும் வேண்டாம், வெளிநாட்டுக் கதையும் வேண்டாம். எங்க தெருவுல கேபிள் டிவிக்காரர்தான் ஃபைபர் குடுக்குறாரு, முப்பது வருசமாத் தெரிஞ்ச ஆளு. சிவப்பு லைட்டு எரிஞ்சா போன் போடுவேன், பையன் பைக்குல வருவான், அரை மணியில பச்சை ஆயிரும். துபாயில இருக்குற பிள்ளைகளோட தெனம் வீடியோவுல பேசுறோம். யாரு சொந்தக்காரன்னு எனக்கு என்ன கவலை?"

காக்கா, நீங்க சொன்னதுல நான் புடிச்சுக்கிட்டது 'பையன் பைக்குல வருவான்'ங்கிற வார்த்தைய. அவனுக்கு மாசச் சம்பளம். எங்க பையனுக்குப் புரோட்டா.

ஆனா கீழக்கரை டவுனு, வீடு நெருக்கம். ஃபைபர்ல ஒரு போர்ட்டுல இருந்து ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிக்கலாம், இருபது கிலோமீட்டர் வரைக்கும் வெளிச்சம் போகும். உங்க தெருவுல 64 வீடு முன்னூறு மீட்டர்ல கெடச்சிரும். தொண்டிக்காரர் ஊர்ல மூணு கிலோமீட்டருக்கு உடைமரந்தான் இருக்கு. கேபிள்காரரும் கணக்குப் பாப்பாருல்ல? அவரு நல்ல மனுசன்தான், ஆனா உடைமரம் சந்தா கட்டாது.

உடைமரம்னதும் ஞாபகம். சாயல்குடி தம்பி எழுதுனாரு: அவங்க பக்கம் கரி மூட்டம் போடுறப்ப மேல போன ஃபைபர் உருகி ஒழுகிருச்சாம், நாலு ஊருக்கு ரெண்டு நாள் நெட்டு இல்ல. மண்ணுக்குள்ள பொதச்சா தண்ணிக் குழாய் தோண்ட வர்ற ஜேசிபி வெட்டும். கம்பத்துல போட்டா புயல். 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப டெல்டாப் பக்கம் லட்சத்துக்கு மேல கம்பம் சாஞ்சுது, அதுல கட்டியிருந்தது எல்லாமே சேந்துதான் படுத்துச்சு. போன நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு தங்கச்சிமடத்துல எங்க மதினி வீட்டு மோடம் தண்ணியில மெதந்துச்சாம். எந்த முறையில போட்டாலும் அறுந்துரும். அறுந்தா எத்தன மணிக்கு ஆளு வருவான்னுதான் பேச்சு.

9 ஜூன்

மேலூர்ல என் சித்தி ஊரு. 2001 வாக்குல அந்தப் பக்கம் ஐஐடி மெட்ராஸ்ல உருவாக்குன கார்டெக்ட்ங்கிற கம்பியில்லாக் கருவிய வச்சு கிராமத்துக்குக் கிராமம் இண்டர்நெட் கடை தொறந்தாங்க. பள்ளிக்கூட லீவுல போயி வாயப் பொளந்து பாத்துருக்கேன். 35, 70 கேபி வேகம். ஜாதகம் எடுக்கவும் போட்டோ எடுக்கவும்தான் கூட்டம். சில வருசத்துலயே கடைகள் ஒவ்வொண்ணா மூடிட்டாங்க.

அதுக்கும் முன்னாடி, 1998ல, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல அறிவு மையம் வச்சுது. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படை வெளியிடுற அலை உசரத்தக் கணினியில எடுத்து, கரையில ஒலிபெருக்கியில சத்தமாச் சொன்னாங்க. ஊருக்கே ஒரு லைன், ஒரு ஒலிபெருக்கி. வீட்டுக்கு வீடு வைஃபைன்னு நாங்க ஒத்தக்கால்ல நின்னப்ப இத யோசிச்சிருக்கணும். கடலுக்குப் போறவனுக்கு விடியக்காலம் வேண்டியது காத்து, அலை, மீன் எங்க கூடும்ங்கிற தகவல், ஏல விலை. இதுக்கு எத்தன எம்பி வேணும்?

பாம்பன்ல கடல் ஓசை 90.4 இருக்கு, 2016 ஆகஸ்ட் 15ல இருந்து. மீனவங்களுக்கான வானொலி, நம்ம பேச்சுல பேசுறாங்க. ஊர் சார்பா ஒண்ணு நிக்க முடியும்ங்கிறதுக்கு எங்க ஆளுக எப்பவும் அதத்தான் காட்டுவாங்க. நியாயந்தான். ஆனா ரேடியோ கேக்குறவன் சந்தா கட்டறதில்ல, கட்டாததால கோவமும் இல்ல. பாட்டு வரலைன்னா அடுத்த பாட்டு.

16 ஜூன்

தடை முடிஞ்சுது. ஊரே பெயிண்ட் வாசம். ரெண்டு நாளா யாரும் இங்க எட்டிப் பாக்கல, நானும்தான்.

படகு எறக்குறதப் பாத்துக்கிட்டு நின்னப்ப ஒண்ணு தோணுச்சு. ராமேஸ்வரத்துல விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மத்த நாள் நாட்டுப்படகுக்கு. கடல் ஒண்ணுதான், ரெண்டும் ஒரே நாள் எறங்குனா நாட்டுப்படகு வலை கிழிஞ்சுரும்னு சண்டை போட்டுப் போட்டு வந்த ஏற்பாடு. எங்க நெட்டுல இப்படி ஒரு முறை வைக்கல. ஐபிஎல் ராத்திரி 100 எம்பிக்குள்ள 38 வீடு. வீட்டுக்குப் பிரிச்சா ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல. 2023 ஜனவரியில மத்திய அரசு பிராட்பேண்டுன்னா குறைஞ்சது 2 எம்பின்னு மாத்துச்சு, அதுவரைக்கும் வெறும் 512 கேபி. ஆக நாங்க நூலிழையில பிராட்பேண்ட்தான், சான்றிதழ் கேட்டா குடுப்பேன். ஆனா அன்னைக்கு டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ கூட ஓடல. விசைப்படகு யாரு, நாட்டுப்படகு யாருன்னு அப்பவே பேசியிருக்கணும். சத்தமா மேட்ச் பாத்த விசைப்படகுல நானும் ஒருத்தன்.

"கமிட்டியில பெரிய படகுக்காரங்க சொல்றதுதானே நடக்கும்"னு ஒருத்தர் கேட்டாரு. ஆமா. சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டு மாடியிலதான் ரெண்டாவது டிஷ், அதனால அவரு தெருவுக்குத்தான் நல்ல சிக்னல். கரைவலை இழுத்தா வலைக்காரனுக்கு ஒரு பங்கு, இழுத்த கைக்கு ஒரு பங்குன்னு தெளிவா இருக்கும். நாங்க பங்குன்னு பேரு வச்சோம், இழுத்த கைக்குப் பங்கு வைக்கல.

23 ஜூன்

இந்த மாசம் நம்ம தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் ஒரு கட்டண உத்தரவு போட்டுருக்கு. பிஎம்-வாணிக் கடைக்காரங்களுக்குக் கம்பெனி குடுக்குற லைன், 200 எம்பி வரைக்கும், அதே வேக வீட்டு ஃபைபர் கட்டணத்தப் போல ரெண்டு மடங்குக்கு மேல போகக் கூடாது. இது 2021ல இருந்திருந்தா எங்க 3,540 பாதிக்குப் பக்கத்துல வந்திருக்கும். மிச்சத்த அந்தப் பயலுக்குக் குடுத்திருப்போமான்னு கேட்டா, உண்மையச் சொல்றேன், குடுத்திருக்க மாட்டோம். இன்னொரு டிஷ் வாங்கியிருப்போம்.

ஸ்பெயின் கிஃபிய மே 16ஆம் தேதி அவசரத்துல தாண்டிட்டேன். கூரைக்காரன் டிஷ் கூரைக்காரனுது, வழி எல்லாருக்கும் பொது. அந்தப் பொது வழியில தொழில் பண்ற சின்னக் கம்பெனிங்க காசு வாங்கிக்கிட்டு இணைப்புக் குடுக்கலாம், ரிப்பேர் பாக்கலாம். ஆனா யாரு எவ்வளவு போட்டாங்க, யாரு எவ்வளவு பயன்படுத்துனாங்கன்னு கணக்குப் போட்டு, அதிகம் பயன்படுத்துனவன் அதிகம் போட்டவனுக்குக் குடுத்துச் சமன் பண்ணணும். ரிப்பேர் பாக்குறவனுக்கு அது தொழில். இத நான் 2021லயே படிச்சேன். படிச்சப்ப 'கூரைக்குக் கூரை டிஷ்'ங்கிறதுதான் கண்ணுல பட்டுச்சு.

ஆகவே தொண்டிக்காரரே, 11ஆம் தேதி சொன்னத வாபஸ் வாங்குறேன். போடுங்க. பங்கு எவ்வளவு, டிஷ்ஷா ஃபைபரான்னு எல்லாம் அப்புறம். மொதல் கூட்டத்துலயே சம்பளத்த எழுதிட்டு வாங்க, ஆளு பேரோட.

6 ஜூலை

தொண்டிக்காரர் எழுதிருக்காரு. கூட்டம் போட்டாங்களாம், 61 வீடு ஒத்துக்கிச்சாம். கேபிள் வேலை தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு மாசம் 4,500 சம்பளம், பகுதி நேரம், ஊர்வரியோட சேத்து வசூல். பொண்ணா கம்பம் ஏறுறதுன்னு ரெண்டு பெருசுக கேட்டதுக்கு, பாசி எடுக்க எங்க அம்மா முங்குன ஆழத்துக்கு இந்தக் கம்பம் உசரமில்லன்னு அந்தப் பொண்ணே சொல்லிருச்சாம். மெயின் ரோடு வரைக்கும் வந்த கம்பெனிகிட்டயே லைன் எடுத்து, உள்ள மூணு கிலோமீட்டர் டிஷ்ல கொண்டுபோற யோசனை. பழைய டிஷ் ஏதும் கெடக்கான்னு கேக்குறாரு.

கெடக்கு. நேத்து சாயங்காலம் ஐஸ் கம்பெனி மாடிக்கு ஏறிப் பாத்தேன். காக்கா கூடு கட்டிருக்கு, டிஷ்ஷு இன்னும் அதே தெக்க பாத்துக்கிட்டு நிக்குது. கத்தாருக்கு வீடியோ கால் போட்டுத் தம்பிகிட்டக் காட்டுனேன். அவன் இப்ப அங்க ஃபைபர் ஒட்டுற வேலையிலதான் இருக்கான், நல்ல சம்பளம். "பவர் அடாப்டரு போயிருக்கும்ணே, 24 வோல்ட்டு, பாத்து வாங்கு"ன்னான். வேற எதும் கேக்கல.

நாலு டிஷ் இருக்கு, காசு வேண்டாம், வந்து எடுத்துக்கங்க. வர்றப்ப அந்தப் பொண்ணையும், வலை வேலை தெரிஞ்ச ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க. முக்கா மணி நேரம் மல்லுக்கட்டிப் பாத்துட்டேன், பெரியவர் போட்ட முடிச்சு எனக்கு அவுக்க வரல.